விடுதலைக்குப் பிறகு ஒரு தையல் மெஷின்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு கிராமம். அங்கே சிறைத் தண்டனை முடித்துத் திரும்பிய ஒருவர், பிழைப்பைத் தொடங்கப் பணம் தேடி அலைந்த இரண்டு வருடத்தை இங்கே பதிவு செய்கிறேன். நான் வட்ட சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு அவர் எடுத்த ஒரு முடிவு தவறாகப் போனது. இதை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம்.

பின்னணி

2016-ல் நடந்த சம்பவம். பங்காளிகள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கிணறு. மோட்டார் போடும் முறை யாருக்கு என்று தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாகி, மண்வெட்டிக் காம்பு பட்டு ஒருவர் இறந்துபோனார். இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ன் இரண்டாம் பகுதியில் வழக்கு. மூன்று மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். 2018-ல் ஐந்து வருடத் தண்டனையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தைக் கட்டத் தவறினால் மேலும் ஆறு மாதம். அப்பீல் தள்ளுபடியானதும் 2019 நவம்பரில் சரணடைந்தார்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். அதற்காக 2018-ல் ஒரு வங்கியில் முத்ரா சிசு கடனாக (சிறு தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டக் கடன்) 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். சரணடைந்தபோது அசலில் 31,400 பாக்கி. கடை மூடியது, தவணையும் நின்றது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. அந்தக் கடன் வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லை. குடும்பத்துக்கு இருந்த வருமானம் மனைவியின் பீடி சுற்றும் கூலியும் நூறு நாள் வேலையும். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் வந்தது.

வேலூர் மத்திய சிறையில் காவல்துறைக்கு பூட்ஸ் தயாரிக்கும் யூனிட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கக் கற்றுக்கொண்டு, மூன்றாவது வருடத்தில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தேறினார். தோல் தொழிலை நம்பியிருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இதைவிட உபயோகமான தொழில் கிடையாது. அந்த வகையில் அவருக்கு அதிர்ஷ்டம்தான்.

தண்டனைக் குறைப்பு நாட்கள் கழிந்து 2024 ஜனவரியில் விடுதலை என்று முடிவானதும் அபராதப் பிரச்சினை எழுந்தது. மனைவி 15,000 ரூபாய் தண்டல் எடுத்தார். முன்னாலேயே 15 சதவீதம் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 12,750. தினம் 150 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அபராதம் கட்டியாயிற்று, அவரும் பொங்கல் முடிந்து வீட்டுக்கு வந்தார்.

அபராதம் கட்ட வழியில்லாத தண்டனைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரை தரும் மத்திய அரசுத் திட்டம் 2023-லேயே வந்துவிட்டது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிகளுக்கு அப்போது 40,000 வரை இருந்தது. மாவட்ட ஆட்சியர், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலர், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர் இருக்கும் குழு அதை முடிவு செய்கிறது. இது தெரிந்திருந்தால் அந்தத் தண்டலே தேவைப்பட்டிருக்காது. இந்தக் குடும்பம் என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

முதல் சந்திப்பில் கண்டவை

பிப்ரவரி முதல் வாரம் இருவரும் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் எங்கள் அறைக்கு வந்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: "மேடம், எனக்கு யாராவது கடன் குடுப்பாங்களா? ஜெயிலுக்குப் போனவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதும் இருக்குதா?"

வங்கிக் கடனுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பேசிக்கொண்டே மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் போட்டார். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மனிதர் சிறையில் இருந்த நான்கு வருடத்தில் அவருடைய காகிதங்கள் வெளியே ஒவ்வொன்றாகச் செத்துப்போயிருந்தன.

ஜன்தன் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாததால் முடங்கியிருந்தது. பான் கார்டை ஆதாருடன் இணைக்காததால் 2023 ஜூலை முதல் அது செல்லாது. இணைக்க வேண்டுமானால் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆதார் இருந்தது, ஆனால் அதில் பதிவான செல்போன் நம்பர் அவரிடம் இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் கம்பெனி அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. அந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். ஓசூரில் ஒரு பையன் எடுத்தான். "ஆமா மேடம், பேங்க்ல இருந்து இந்த நம்பருக்கு ஏதேதோ மெசேஜ் வரும். யாருதுன்னு தெரியாம அழிச்சிடுவேன்" என்றான். பழைய கடனுக்கு வங்கி அனுப்பிய எச்சரிக்கைகள் போய்ச் சேர்ந்த இடம் அது.

ரேஷன் கார்டில் பெயர் இருந்தது. உயிரோடிருந்த ஒரே காகிதம் அதுதான்.

கையில் இருந்த பணம், சிறையில் செய்த வேலைக்குப் பிடித்தங்கள் போகக் கிடைத்த கூலி: 38,200 ரூபாய். சிறைவாசி செய்யும் வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் மேற்கோளாகத்தான் பார்ப்பார்கள். என் மேஜையில் அது ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டாக இருந்தது.

காகிதங்களுக்கு உயிர் கொடுத்தது

எல்லாவற்றுக்கும் முன்னால் செல்போன் நம்பரை மாற்றினோம், ஏனென்றால் ஓ.டி.பி. வராமல் எதுவும் நகராது. தபால் நிலைய ஆதார் மையத்தில் கட்டணம் அப்போது 50 ரூபாய்தான், ஆனால் அரை நாள் போனது. தோல் பசையும் நூலும் தேய்த்த விரல்களில் ரேகை ஏறவே இல்லை. ஐந்தாவது முறையும் மெஷின் சிவப்பு காட்டியதும், "ரேகையையும் உள்ளயே வெச்சிட்டு வந்துட்டன் போல" என்றார். கடைசியில் கண்ணை ஸ்கேன் செய்து முடித்தார்கள். அதன் பிறகு வங்கிக் கணக்குக்குக் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு), பிறகு பான் இணைப்பு. மொத்தம் ஐந்து வாரம்.

தண்டலை முன்கூட்டியே அடைத்துவிடலாமா என்று மனைவி கேட்டார். வேண்டாம் என்றேன். தண்டலில் வட்டியை முதல் நாளே பிடித்துவிடுகிறார்கள். நாளைக்கு அடைத்தாலும் நூறாவது நாள் அடைத்தாலும் கட்டும் தொகை ஒன்றே. தினம் 150 ரூபாய் அப்படியே போகட்டும் என்று விட்டோம். அந்த முடிவு சரியாகவே இருந்தது.

தவறாகப் போன முடிவு

புதுக் கடன் வாங்க வேண்டுமென்றால் பழைய கடனைத் தீர்க்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வட்டியோடு சேர்ந்து அது 46,800 ரூபாயாகியிருந்தது. மார்ச்சில் நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் வழக்குக்கு முந்தைய சமரசமாக அதை எடுத்துக்கொண்டார்கள். வங்கித் தரப்பு 30,000-ல் தொடங்கியது. பேசிப் பேசி 22,000-க்குக் கொண்டுவந்தேன். அன்றே கட்டினார். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது, விஷயம் முடிந்தது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். 24,800 ரூபாய் மிச்சம். அன்று மாலை இருவரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூன் மாதம் வேறொரு வங்கியில் மறுபடி முத்ரா கடனுக்கு விண்ணப்பித்தோம். படிவத்தில் தண்டனை பற்றிய கேள்வியே இல்லை. கேட்காத இடத்தில் நாமாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் பொய் சொல்லவே வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். பிறகு கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அவருடைய கடன் மதிப்பெண், அதாவது ஸ்கோர், 541. அந்தப் பழைய கடனுக்கு நேரே ஒரு சொல்: செட்டில்டு.

"முழுசா கட்டியிருந்தா குளோஸ்டுன்னு வரும். செட்டில்டுன்னா பேங்குக்கு நட்டம்னு அர்த்தம். இது இருக்கிற வரைக்கும் ரீஜனல் ஆபீஸ்ல பாஸ் ஆகாது மேடம்."

இவர் சிறைக்குப் போனதை மேலாளர் அறியவும் இல்லை, கேட்கவும் இல்லை. நான் தள்ளுபடி வாங்கிக் கொடுத்த கடன்தான் வழியை மறித்து நின்றது. கடன் தகவல் நிறுவனங்கள் இப்படிப்பட்ட பதிவைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்கும்.

திரும்பிப் பார்த்தால் பிழை மிக எளிது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. சமரசத்துக்கு உட்காரும் முன் அதை நான் எடுத்தே பார்க்கவில்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியையும் கேட்கவில்லை: உங்களுக்குக் கடன் தொல்லை தீர வேண்டுமா, புதுக் கடன் வேண்டுமா? வசூல்காரர் வந்து வாசலில் நிற்கிறார், நோட்டீஸ் வருகிறது என்றால் மக்கள் நீதிமன்றச் சமரசம் அருமையான வழி. இவருக்கு அந்தத் தொல்லையே இருக்கவில்லை. இவருக்கு வேண்டியிருந்தது அடுத்த கடன்.

சமரசத்துக்குப் பிறகு கையில் 16,200. அதில் தண்டலும் பான் கட்டணமும் போக வீட்டுச் செலவுக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே மிஞ்சியது.

கம்பெனி வாசல்

இதற்கிடையே ஏப்ரலில் ஒரு ஷூ யூனிட்டில் வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் ஒரு துண்டுத் தோலைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிப் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனில இருந்தீங்க?" என்று கேட்டார்.

"வேலூர்ல. கவர்மென்ட் யூனிட்."

பொய் இல்லை. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். நான்காவது நாள் ஊர்க்காரர் ஒருவர் மூலம் விவரம் தெரிந்து, "ஆள் தேவைப்பட்டா சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கூலியைச் சரியாகக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சம்பளத்துக்குப் போவதை விட்டு, மெஷின் வாங்கி வீட்டிலேயே ஜாப் வொர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) எடுப்பது என்ற எண்ணம் அப்போதுதான் உறுதியானது. ஜாப் வொர்க் கொடுக்கும் ஏஜெண்டுக்கு வேண்டியது தையல் சுத்தமும் சொன்ன தேதியும்தான். வேறெதையும் அவர்கள் துருவுவதில்லை.

மாவட்டத் தொழில் மையத்தின் மானியக் கடன் திட்டங்களையும் பார்த்தோம். மானியம் அரசு தந்தாலும் கடனை ஒரு வங்கிதான் தர வேண்டும். அதே திரை, அதே சொல். விட்டுவிட்டோம்.

உதவித் தொகை

சிறை மீண்டவர்கள் சிறு தொழில் தொடங்கத் தமிழ்நாடு சிறை மீண்டோர் நலச் சங்கம் வழியாக 50,000 ரூபாய் உதவி தரப்படுகிறது. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஸ்கோர் பார்க்க மாட்டார்கள். நன்னடத்தை அலுவலர் மூலம் விண்ணப்பம் போக வேண்டும். இதை முதலில் செய்யாமல் வங்கிக்கு ஓடியது என் இரண்டாவது பிழை. எனக்கு இந்த வழி தெரியும். இருந்தாலும் வங்கிக் கடன்தான் 'சரியான' வழி, உதவித் தொகை கடைசிப் புகலிடம் என்று ஒரு நினைப்பு மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலையில் விண்ணப்பித்தோம். விடுதலைச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மெஷினுக்குக் கொட்டேஷன். பெட்டியின் அடியில் துணிக்குக் கீழே மடித்து வைத்திருந்த விடுதலைச் சான்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஆறு மாதமாக எல்லோர் கண்ணிலிருந்தும் மறைத்த காகிதம், இங்கே முதல் இணைப்பு.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். மெஷின் எங்கே வைப்பீர்கள், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, ஜாப் வொர்க் தருவதாகச் சொன்ன ஏஜெண்ட் யார் என்றெல்லாம் கேட்டார். இறந்தவர் குடும்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கேட்டார். இவர் கையை நீட்டிக் காட்டினார். எட்டு வீடு தள்ளி. டிசம்பரில் பணம் கணக்கில் ஏறியது.

குழுக் கூட்டம்

ஷூ தைக்கும் போஸ்ட் பெட் மெஷின், இரண்டாம் கை, 42,000 ரூபாய். மோட்டார், மேஜை, வயரிங், முதல் மாத நூல், ஊசி, பசை எல்லாம் சேர்த்து மேலும் 20,000 தேவைப்பட்டது. உதவித் தொகையில் மிஞ்சியதை வீட்டுச் செலவுக்கென்று தொடாமல் வைக்கச் சொன்னேன். இந்த 20,000-க்கு மனைவியின் சுய உதவிக் குழுவில் உள்கடன் (குழு தன் உறுப்பினருக்குத் தரும் கடன்) கேட்பது என்று முடிவெடுத்தோம். மனைவி எட்டு வருடமாக உறுப்பினர்.

இதில் ஒரு சிக்கல். இறந்தவருடைய தம்பி மனைவியும் அதே குழுவில் இருந்தார். இந்த ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. தனியார் மைக்ரோ ஃபைனான்ஸில் எடுக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வட்டியைப் பார்த்து நான்தான் வேண்டாம் என்றேன். மனைவி இரண்டு வாரம் யோசித்தார். பிறகு, "கேட்டுப் பாக்கறேன். இல்லன்னா இல்லன்னு போவட்டும்" என்றார்.

2025 ஜனவரியில் அங்கன்வாடி வராந்தாவில் கூட்டம். அன்று பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் நான் பேசக் கூடாது என்று முடிவு செய்து ஓரமாக உட்கார்ந்தேன். வெளியாள் பரிந்து பேசினால் அந்த அம்மா ஆட்சேபிக்கும் உரிமையைப் பறித்ததாகிவிடும். குழுவை நடத்தும் ஊக்குநர் கோரிக்கையைப் படித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா" என்றார்.

எல்லோரும் ஒருவர் பக்கமே பார்த்தார்கள். அவர் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை இழுத்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, தலை நிமிராமல் சொன்னார்:

"கடன் அவ பேர்லதான? அவ ஒரு மாசம்கூட சந்தா தவறுனது இல்ல. எழுதுங்க."

தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாவும் போட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு வந்தார்.

பின்பு நடந்தது

பிப்ரவரியிலிருந்து வேலை ஓடியது. ஜோடிக்கு 18 ரூபாய். நாளுக்கு முப்பது, முப்பத்தைந்து ஜோடி. மாதம் 1,000 ரூபாய் அசலும் வட்டியும் குழுவுக்குப் போனது. ஜூனில் மனைவி பீடி சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு ஓரம் மடித்து ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. ஆம்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகள் சுருங்கினால் முதலில் நிற்பது வீட்டு ஜாப் வொர்க். செப்டம்பரில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான் வந்தது. தொடாமல் வைத்திருந்த 8,000 ரூபாய் அப்போதுதான் உதவியது. உள்ளூர்க் கடை ஒன்றுக்குச் செருப்பு, பை, பெல்ட் பழுது பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். டிசம்பர் வரை குழுத் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. கிணற்று முறைத் தண்ணீரை இறந்தவர் குடும்பத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். இது யாரும் சொல்லி நடந்ததில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே, சிறைக்குள் நடக்கும் சட்ட உதவி முகாமில் அபராத பாக்கியைக் கேட்டறிந்து மத்திய திட்டத்துக்கு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். பரோலில் வருபவர்களிடமும் அவர்கள் மனைவிமாரிடமும் முதலில் சொல்வது, அந்தப் பழைய செல்போன் நம்பரை அவ்வப்போது ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள் என்பதுதான். கேட்க அற்பமாக இருக்கும். அந்த நம்பர் இருந்திருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். வங்கி அனுப்பிய தகவலும் வீட்டுக்கு வந்திருக்கும்.

கூலிப் பணத்திலிருந்து பழைய கடனுக்கு எதுவும் கொடுக்கும் முன், மூன்று மாத வீட்டுச் செலவை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்த பிறகே சமரசம் பற்றிப் பேச்சு. உதவித் தொகை விண்ணப்பம், வந்த முதல் வாரத்திலேயே. இவர் விஷயத்தில் அது ஐந்து மாதம் தள்ளிப்போனதற்கு நானே பொறுப்பு.

அறிக்கையில் தவறான பதிவு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி. இவருக்கு அது உதவாது, பதிவு தவறில்லையே. தள்ளுபடி செய்த 24,800 ரூபாயைத் தவணையாகக் கட்டுகிறோம், செட்டில்டு என்பதைக் குளோஸ்டு என்று மாற்றித் தாருங்கள் என்று பழைய வங்கிக் கிளைக்கு அக்டோபரில் எழுதினோம். நவம்பரில் நினைவூட்டினோம். அதிகாரி மாறியிருக்கிறார், புதியவர் கோப்பைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.